பென்சிலைக் கீழே வைத்த இடம்

என் மகனே,

இந்தக் கடிதத்தில் எழுத்து உன் அம்மாவுடையது, பேச்சு என்னுடையது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது; இடது கண்ணில் எதிரே ஆள் நிற்பது தெரிகிறது, யார் என்று தெரிவதில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். நான் சொல்வதை மட்டும் எழுது, நீயாக ஒரு வார்த்தை சேர்க்காதே, ஒன்றை விட்டுவிடவும் கூடாது என்று ஆரம்பத்திலேயே கறாராகச் சொன்னேன். ஊரார் பேச்சை எழுதியே காலம் தள்ளினவருக்கு இந்த அதிகாரமாவது மிச்சம் இருக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே பேனாவுக்கு மை போட்டாள். பாவம், இன்னும் இரண்டு பக்கத்தில் அவளுக்கு அந்தச் சிரிப்பு போய்விடும். இதை உறையில் போட்டு, ஒட்டாமல், மாமல்லபுரம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பப் போகிறேன். தபாலில் போட்டால் இரண்டு நாள் ஆகும், அதற்குள் கல்லில் உளி இறங்கிவிடும். ஒட்டாமல் அனுப்புவது ஏன் என்றால், இதை நீ மட்டும் படித்தால் போதாது. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இதை வாசிக்க வேண்டும் என்று உன்னைக் கேட்கப் போகிறேன்.

நீ அம்மாவுக்கு அனுப்பிய நோட்டீஸ் வந்து எட்டு நாள் ஆகிறது. எனக்கென்று நீ அனுப்பவில்லை, அது தெரியும். அவள் அதை அடுப்படியில் உட்கார்ந்து தனக்குள் படித்துக்கொண்டிருந்தாள், நான்தான் உரக்கப் படிக்கச் சொன்னேன். மேஸ்திரி மறைந்து ஓராண்டு நிறைவதை ஒட்டி, அவர் பேசிய கால்வாய்க் கரையிலேயே, சொல்லாலும் இசையாலும் அவரை நினைவுகூரும் கூட்டம். சாயந்திரம் நான்கு மணிக்கு. உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆர்மோனியத்தோடு பாடுவார்கள். மேஸ்திரியின் பொன்மொழி பொறித்த கல் ஒன்றைத் திறந்து வைப்பார்கள். அந்தப் பொன்மொழியை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது என்றாள். "கேட்டுப் பெறும் காலம் போயிற்று; இனி வெட்டிப் பெறும் காலம்." படிக்கும்போது அவள் குரல்கூடக் கொஞ்சம் உயர்ந்தது. இன்னொரு தரம் படி என்றேன், படித்தாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

கேட்பவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்கிறேன். பொறுத்துக்கொள். மேஸ்திரி ஒரு காலத்தில் கால்வாயில் தூர் வாரும் கூலி ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தார். அந்த வேலை போன பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. முட்டுக்காட்டுக் கழியிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் கரை ஓரத்துச் சேரிகளில் அவர் கால் படாத இடம் கிடையாது. டீக்கடையில் தனிக் கிளாஸ் கூடாது என்று உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளையும் பெஞ்சில்தான் உட்காரும் என்றார். கடைசியில் சுடுகாட்டுப் பாதைக்கு வந்தார். அவர் இருந்த சேரியில் ஒருவர் செத்தால் பிணத்தை ஊர் வழியாகக் கொண்டுபோக விடமாட்டார்கள், வரப்பு வழியாகவும் விடமாட்டார்கள். கால்வாயில் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் தோளில் சுமந்துதான் அக்கரை சேர்க்க வேண்டும். சுதந்திரம் வந்தது, சட்டம் வந்தது, அந்தத் தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. பாதைக்கென்று சர்வே கல் நட்டதோடு சரி.

நான் போலீஸ் இலாகாவில் சுருக்கெழுத்துக்காரன். அரசாங்கத்துக்குப் பிடிக்காதவர்கள் எங்கே கூட்டம் போட்டாலும் மேடைக்குக் கீழே ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் எழுதி எடுத்து வர வேண்டும். கை வேகம் குறையாமல் இருக்க நீ சின்னப் பையனாக இருந்தபோது தினமும் காலையில் உன்னைப் பத்திரிகை படிக்கச் சொல்லி நான் எழுதிப் பழகுவேன், நினைவிருக்கிறதா? என்னைத் தோற்கடிக்க வேண்டும் என்று நீ மூச்சு விடாமல் படிப்பாய். அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் காற்றில் போகும். கடைசியில் நான் எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டினால் ஒரு வார்த்தை பிசகாது. நைனா பொய்யே எழுதமாட்டார் என்று நீ தெருவில் போய்ச் சொல்வாய். அதைக் கேட்டு நான் கர்வப்பட்டதுண்டு. இப்போது அதை நினைத்தால் கண் இருந்த காலத்தைவிட நன்றாகத் தெரிகிறது, உன் முகமும் அந்தப் பத்திரிகையும்.

மேஸ்திரி என்னை ரைட்டர் என்று கூப்பிடுவார். கூட்டம் தொடங்குமுன் மேடையிலிருந்து குனிந்து பார்த்து, ரைட்டர் வந்துட்டாரா, அவருக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுங்க என்பார். வேகமாகப் பேசிவிட்டால் நிறுத்தி, எழுதிகினீங்களா என்று கேட்பார். கூட்டம் சிரிக்கும், எனக்கும் சிரிப்பு வரும். அவர் மேல் வழக்குப் போடத்தான் எழுதுகிறேன் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிற ஆள் இருப்பது நமக்கு நல்லதுதான் என்று தன் ஆட்களிடம் சொல்வாராம். அவர் பேச்சு நடுநடுவே பாட்டாக மாறும். எங்கள் வேலையில் பாட்டை எழுதுகிற பழக்கம் கிடையாது. பாட்டு என்று அடைப்புக்குள் ஒரு வார்த்தை போட்டுவிட்டுக் கையை உதறிக்கொள்ளலாம். எனக்கு அதுதான் ஓய்வு. அவர் பாட ஆரம்பித்ததும் நான் பென்சிலைக் கீழே வைத்து, பிளேடை எடுத்து, அடுத்த பென்சிலைச் சீவத் தொடங்குவேன். அத்தனை கூட்டத்தில் அத்தனை பாட்டு பாடியிருக்கிறார். ஒன்றுகூட என் காதில் ஏறவில்லை. பென்சில் சீவும் சத்தம்தான் ஏறியிருக்கிறது.

சுதந்திரம் வந்து ஆறாவது வருஷம், பாதைக்காக அந்தக் கால்வாய்க் கரையில் நடந்த கூட்டம். வெயில் தாழ்ந்த நேரம். முக்கால் மணி பேசினார், எல்லாம் நிதானமான பேச்சு. கலெக்டருக்கு மனுப்போட்டது, தாசில்தார் வந்து பார்த்தது, மறுபடி மனுப்போடப் போவது. அப்புறம் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு மெதுவாகப் பாடினார். நான் வழக்கம்போல் சீவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கூட்டம் முழுக்க அழுகிறது. ஆம்பிளைகள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். என்னவோ பாட்டு என்று நினைத்தேன். "பாட்டு. கூட்டத்தில் அழுகை" என்று அடைப்புக்குள் எழுதினேன். அவ்வளவுதான் நான் எழுதியது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் என் நகலைப் படித்துவிட்டு மேஜை மேல் போட்டார். மேலே இருந்து நெருக்குகிறார்கள், இந்தப் பேச்சில் கைது செய்ய ஒன்றுமே இல்லை என்றார். பிறகு அந்த அடைப்பைப் பென்சிலால் தட்டிக் காட்டினார். "கூட்டம் அழுதுச்சுன்னு நீயே எழுதிகீற. பாட்டுன்னு போட்டா கேஸு நிக்காதுய்யா. அழுவுற மாதிரி இன்னா பேசனான், அத்த ரொப்பு." முடியாது என்று நான் சொல்லவில்லை. உனக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வருஷம் உனக்குக் கடைசிப் பரீட்சை, என்னை எங்கோ தூரத்துக்கு மாற்றிவிடுவேன் என்று அவர் ஜாடையாகச் சொன்னார். ஆனால் அந்தப் பழியை உன் தலையில் போடமாட்டேன். பயம் இருந்தது, வாஸ்தவம். பயந்தவன் ஏதாவது சப்பென்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருப்பான். நான் அப்படிச் செய்யவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு தடவை அடித்து எழுதினேன். கேட்டு, வெட்டி என்று எதுகை சரியாக விழுந்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அத்தனை வருஷம் மற்றவர்கள் பேச்சையே எழுதியவனுக்குத் தன் கையால் ஒரு நல்ல வரி வந்துவிட்ட சந்தோஷம். பழைய பக்கத்தைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டுப் புதுப் பக்கம் எழுதினேன். நீங்கள் கல்லில் வெட்டுகிறீர்களே, அந்த வாக்கியம் மேஸ்திரியுடையது இல்லை, மகனே. அது நான் எழுதியது.

இந்த இடத்தில் உன் அம்மா பேனாவை வைத்துவிட்டாள். எழுந்து போய் முற்றத்தில் நின்றாள். நானும் கூப்பிடவில்லை. வெகு நேரம் கழித்து வந்து உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த வரிய நம்ம புள்ள வூட்ல கத்திகினு திரிஞ்சப்போ நீங்க இன்னா பண்ணிகினு இருந்தீங்க?" சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அது நிஜம். நீ ஊர்வலம் போய் வந்து, சட்டையெல்லாம் நனைந்து, சமையலறை வாசலில் நின்று அந்த வரியைச் சொல்லி, எப்பேர்ப்பட்ட வார்த்தை பார்த்தாயா அம்மா என்று கேட்டாய். நான் தலை நிமிராமல் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். கேட்டதையும் எழுது என்று சொன்னேன், இப்போது எழுதுகிறாள்.

கோர்ட்டில் நான் கூண்டில் ஏறி அந்தப் பக்கத்தைப் படித்தேன். மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஒரு சாமானை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர் முகம்போல் இருந்தது. இப்படிப் பேசினீரா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். மேஸ்திரி சொன்னார். "இத்த நான் பேசனதா எனக்கு நெனப்பு இல்லீங்க. ஆனா ரைட்டரு பொய் எழுதற மனுசன் இல்ல. அவரு எழுதிகீறாருன்னா நான் பேசித்தான் இருப்பேன்." அவருடைய வக்கீல் தலையில் கையை வைத்துக்கொண்டார். நான் அப்போது வாயைத் திறந்திருக்கலாம். கூண்டிலிருந்து இறங்க மூன்று படி இருந்தது, அந்த மூன்று படி இறங்குவதற்குள் திறந்திருக்கலாம். இறங்கி, வெளியே வந்து, வராந்தாக் குழாயில் முகம் கழுவினேன். அவருக்கு ஒரு வருஷம் தண்டனை. போகும்போது திடமாகப் போனவர், நெஞ்சில் சளியும் இருமலுமாகத் திரும்பி வந்தார். சில மாதம்தான் இருந்தார்.

தீர்ப்பில் அந்த வாக்கியத்தைப் போட்டிருந்ததால் பத்திரிகைக்காரர்கள் அதை எடுத்தார்கள். பத்திரிகையிலிருந்து சுவருக்கு வந்தது, சுவரிலிருந்து ஊர்வலத்துக்கு. அதைச் சொல்லிக்கொண்டு இரண்டு பையன்கள் பாதையை அடைத்திருந்த வேலியை வெட்டப் போய், அடிபட்டுக் கை ஒடிந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். நான் போய் வெளிக் கதவு வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே போக எனக்கு என்ன முகம் இருக்கிறது? மேஸ்திரி போன பிறகு, சாட்சி சொன்னவன் மகன் நீ என்று நம் தெருவில் யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நீ வந்து, நீங்கதான் எழுதனீங்களா நைனா என்று கேட்டாய். எழுதுவது என் வேலை என்றேன். நீ கேட்டது வேறு, நான் சொன்னது வேறு. உனக்குத் தெரிந்ததெல்லாம் நான் சாட்சி சொன்னேன் என்பது மட்டும்தான். அதற்கே டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். பதினொரு மாதம் ஆகிறது.

நோட்டீஸ் வந்த நாலாம் நாள், கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ் ஏறினேன். உன் பள்ளிக்கூடம் இருக்கும் தெரு வந்ததும் கண்டக்டர் சொன்னார். பிள்ளைகள் ஆர்மோனியத்தோடு பாடுவது பஸ் வரைக்கும் கேட்டது. என் வரியைத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். மெட்டு நன்றாக இருந்தது, யார் போட்டதோ. நான் இறங்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டு கல் வேலை நடக்கும் கொட்டகைக்குப் போனேன். எனக்குக் கல் தெரியவில்லை, தடவிப் பார்க்கலாமா என்று கேட்டேன். வேலை செய்கிறவர் என் கையைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்தார். முதல் வரி முடிந்திருந்தது, "கேட்டுப் பெறும் காலம் போயிற்று." ஒவ்வொரு எழுத்தாக விரல் போயிற்று. ஆழமாக, சுத்தமாக வெட்டியிருந்தார். அதற்குக் கீழே வழவழப்பாக இருந்தது. இரண்டாம் வரி காவியில் எழுதியதோடு இருக்கு, அடுத்த வாரம் உளி வைப்பேன் என்றார். இதைச் சொன்னவர் யார் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாம இன்னா, மேஸ்திரி சொன்னது. கொழந்தகூட சொல்லும்." கல்லில் ஏறியதை அப்புறம் யார் இறக்குவது என்று நான் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அங்கிருந்து சவுக்குக் கட்டை ஏற்றிப்போகும் கால்வாய்ப் படகில் வடக்கே போனேன். மேஸ்திரியின் சம்சாரம் முட்டுக்காட்டுக் கழியில் கிளிஞ்சல் வாரிச் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போடுகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கரையில் கிளிஞ்சலைக் கொட்டிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் கூடையை வைத்தாள். ரைட்டரா, கண்ணு போச்சா, உக்காருங்க என்றாள். உட்கார எனக்குத் துணிவில்லை. நின்றபடியே இப்போது உனக்குச் சொன்னதையெல்லாம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. புரைக்கு அன்றைக்குத்தான் நான் நன்றி சொன்னேன். அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். கிளிஞ்சலைக் கையால் கிளறிக்கொண்டே பேசினாள்.

"சாவறவரைக்கும் அதே பேச்சு. வெட்டுன்னு நானா சொன்னேன், என் வாயிலயா வந்துச்சு, எனக்கு நெனப்பே இல்லியேன்னு கேட்டுகினே இருந்தாரு. நீ சொல்லவே இல்லன்னு நான் தலபாடா அடிச்சிகினேன். ரைட்டரு எழுதிகீறாரே, எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சுன்னுட்டாரு."

மகனே, அவரை ஜெயிலுக்கு அனுப்பியதை ஒருவேளை நான் சுமந்துவிடுவேன். சட்டம், மேலதிகாரி, வேலை என்று ஏதாவது ஒரு மூட்டையில் கட்டிவிடலாம். ஆனால் ஒரு மனிதர் சாகிற படுக்கையில் தன் வாயையே சந்தேகப்பட்டுக்கொண்டு செத்திருக்கிறார். தன்னைவிட என்னை நம்பியதால் சந்தேகப்பட்டிருக்கிறார். இதை எங்கே வைப்பது, சொல். எனக்கு இடம் தெரியவில்லை.

அன்றைக்குக் கூட்டத்தில் அவர் உண்மையில் என்ன பாடினார் என்று அவளிடம் கேட்டேன். அதுவரை நீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அப்போதுதான் மாறினாள். "அவரு பாடறப்போ நீ பென்சில் சீவிகினு இருந்தே. நான் எதுத்தாப்புலதான் குந்திகினு இருந்தேன், பாத்துகினேதான் இருந்தேன்." பிறகு சொன்னாள். அவர்களுக்கு ஐந்து வயதில் ஒரு பெண் இருந்தது. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு போய்விட்டது. கால்வாய் நிரம்பி ஓடிய நாள். வரப்பில் விடவில்லை. மேஸ்திரி அந்தக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார், அவர் அண்ணன் முன்னால் ஆழம் பார்த்துக்கொண்டு நடந்தார். அப்போது அவர் வாயில் வந்ததுதான் அந்தப் பாட்டு. அதற்கப்புறம் வீட்டில்கூட அதைப் பாடியதில்லை. அன்றைக்கு அந்தக் கரையில், முதலும் கடைசியுமாக, எல்லோர் முன்னாலும் பாடினார். நான் அதன் மேல்தான் என் எதுகையை வைத்து மூடினேன்.

எனக்காகப் பாட வேண்டாம், சொன்னால் போதும் என்றேன். "இப்பவாச்சும் பென்சில கீழ வெக்காம எழுது" என்று சொல்லிவிட்டுப் பாடினாள். ஒரே தரம். கண் தெரியாமல் எழுதினேன். கோடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் போயிருக்கின்றன என்று அம்மா சொல்கிறாள். பரவாயில்லை, எழுதும்போதே மனப்பாடம் ஆகிவிட்டது. கிளம்பும்போது, கல் வைக்கிற பையன்களிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். அந்தக் கல்லை எங்கள் வீட்டு வழியாகக் கொண்டுபோக வேண்டாம் என்று சொல் என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கேட்கும் அளவுக்கு எனக்கும் மானம் கெட்டுப் போகவில்லை.

நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்த வரியால் எத்தனை பேருக்குத் தைரியம் வந்தது, பயந்து கிடந்த ஜனங்கள் நிமிர்ந்தார்களே, யார் எழுதினால் என்ன, இருந்துவிட்டுப் போகட்டும் என்று உன் குழுவிலும் சிலர் சொல்லலாம். நானும் இந்த நாலு வருஷம் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அது அவர்களைப் பிடித்து உள்ளே தள்ளுவதற்காகச் செய்த வரி. போலீஸ் மேஜையில் பிறந்தது. அதை அவர் பெயரில் கல்லில் வெட்டினால் மேஸ்திரிக்கு இரண்டாம் தடவை தண்டனை கொடுத்ததாகும், அதற்குக் காலக்கெடுவும் கிடையாது. நீ எழுத்தும் பாட்டும் சொல்லிக்கொடுக்கிற வேலையில் இருக்கிறாய். எனக்கு உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை இல்லை, இருந்தாலும் இது ஒன்றை வைத்துக்கொள். நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு வரியை நம்பிவிடாதே. யாராவது அழும்போது கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு என்னவென்று கேள்.

உன் குழுவில் நீ யார் மகன் என்று ஒருவருக்கும் தெரியாது என்று அம்மா சொன்னாள். இந்தக் கடிதத்தை வாசித்தால் அது தெரிந்துவிடும். உன்னை வெளியே போகச் சொல்லலாம். நீ கட்டிய இடமெல்லாம் இடிந்துபோகலாம். அது தெரிந்துதான் கேட்கிறேன், அதனால்தான் இந்த நாலு நாளாகச் சொல்ல நா எழவில்லை. உனக்குத் தர நான் வைத்திருப்பது இந்த அவமானம் ஒன்றுதான், அதையும் நீயே எடுத்துக்கொண்டு எழுந்து நின்று படி என்கிறேன். உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று எழுது என்றேன், அம்மா தயங்கினாள், எழுது என்றேன். கொட்டகைக்கு இன்றைக்கே போ. இரண்டாம் வரியில் உளி வைக்க வேண்டாம் என்று சொல். என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருகிறேன், மேடையில் நிறுத்தி யார் என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன். கூப்பிடாவிட்டாலும் சரி. வீட்டுக்கு வா என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆர்மோனியத்தை மூடிவிட்டு, உன் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடு. மெட்டு வேண்டுமானால் கழிக்கரைக்குப் போய் அந்த அம்மாளைக் கேள். உனக்குப் பாடிக் காட்டுவாள் என்று நினைக்கிறேன். அவர் அன்றைக்குப் பாடியது இவ்வளவுதான்.

மெல்ல நட அண்ணாத்த, தோள்ல தூங்கறா எம்பொண்ணு
கழுத்து மட்டும் தண்ணி கீது, காலு வழுக்குது பாத்துக்கோ
நாள ஒரு பாத வரும், நனையாம போவலாம்
இன்னிக்கு மட்டும் கண்ணே, ஈரத்துல தூங்கிக்கோ

(இதைச் சொல்லி முடித்ததும் உன் நைனா அழுதார். இந்த வரியை அவர் எழுதச் சொல்லவில்லை. நான் பார்த்தேன், எழுதினேன். அம்மா.)